நாளைக்குப் படுத்தால் யாரைக் கேட்பது?

என் தொழிலுக்குப் போர்டு கிடையாது. செயின்ட் மேரீஸ் ரோட்டுக்கும் சி.பி. ராமசாமி ரோட்டுக்கும் இடைப்பட்ட சென்னை அபிராமபுரத்துத் தெருக்களில் நாலைந்து கணினி வைத்திருக்கும் இடங்கள் நிறைய உண்டு. ஆடிட்டர் ஆபீஸ், பல் டாக்டர் கிளினிக், மாடியில் நடக்கும் பதிப்பகம், ஃப்ளாட் அசோசியேஷன், பள்ளி நூலகம். அவர்களுக்கெல்லாம் நான் 'கம்ப்யூட்டர்காரர்'. பிரின்டர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், வைஃபை போனாலும் கூப்பிடுவார்கள். ஆனால் எனக்குச் சோறு போடுவது இன்னொரு வேலை. எந்த மென்பொருளை எங்கிருந்து எடுத்துப் போடுவது, அது நாளைக்கும் இருக்குமா என்று பார்த்துச் சொல்வது. பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ்.

நான் கொள்கைவாதியாக இதற்குள் வரவில்லை. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கணினி வாங்குவது என்றால் ரிச்சி தெருதான். அங்கே அசெம்பிள் செய்த பெட்டியோடு விண்டோஸ், ஆபீஸ், பேஜ்மேக்கர், போட்டோஷாப் எல்லாம் 'போட்டே' வரும். யாரும் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள், பில்லிலும் இருக்காது. திருட்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை. கணினியோடு வரும் மவுஸ் பேட் மாதிரிதான் அதுவும். இதில் தொழில்காரனுக்கு ஒரு தலைவலி இருந்தது. க்ராக் போட்ட விண்டோஸில் முதல் வேலையாக அப்டேட்டை நிறுத்திவைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் பூட்டு திரும்பவும் விழுந்துவிடும் என்ற பயம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை வந்தபோது அந்தக் கணக்கு நேரானது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் வாங்கிய மெஷின்கள் தப்பின. நிறுத்திவைத்தவர்கள் டாலரிலும் பிட்காயினிலும் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நான் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை எதிரில் இருப்பவர் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

கேட்டவர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி வந்தது. நான்காவது தெருவில் இருக்கும் ஒரு ஆடிட்டர் கேட்ட பாணி இது: "ஏம்ப்பா, காசு வாங்காம கொடுக்கறான்னு சொல்றே. நாளைக்கு இது படுத்துண்டா நான் யாரைக் கேக்கறது?"

நியாயமான கேள்வி. ஓப்பன் சோர்ஸைப் புரிந்துகொள்ள இதைவிடச் சரியான வாசல் எனக்குத் தெரியாது. நான் பதிலுக்கு ஒரு பிரின்டர் கதை சொல்வேன். பிரின்டர் என்றால் எல்லா ஆபீஸுக்கும் புரியும்.

1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. அது இருந்தது ஒரு மாடியில், உபயோகித்தவர்கள் வேறு மாடியில். காகிதம் சிக்கி நிற்கும், யாருக்கும் தெரியாது. நடந்துபோய்ப் பார்த்தால்தான் தெரியும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற புரோகிராமர் அங்கே இருந்தார். பழைய பிரின்டரில் இதே தொல்லைக்கு அவர் வழி செய்திருந்தார்: காகிதம் சிக்கினால், அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும். புதிய பிரின்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். அதன் மூல நிரல் கொடுக்கப்படவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் நிரல் இருப்பதாகத் தெரிந்து போய்க் கேட்டார். யாருக்கும் தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். கோளாறு கண்ணுக்குத் தெரிகிறது, சரிசெய்யக் கைக்குத் தெரிகிறது, மூடியைத் திறக்கத்தான் அனுமதி இல்லை. யாரும் திறந்து திருத்தக்கூடிய மென்பொருள்களை எழுதுவதற்காக ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989ல் ஜிபிஎல் உரிமம் வந்தது. 1991ல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், அடுத்த வருஷம் அந்த உரிமத்துக்குள் வந்தது. 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் 1998ல்தான் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் ஸ்டால்மனுக்கு இன்றுவரை பிடிக்காது. அந்தச் சண்டைக்குள் நான் வாடிக்கையாளரை இழுப்பதில்லை.

கதை முடிந்ததும் ஆடிட்டருக்கு நான் சொன்னது இது. காசு இல்லாமல் இறக்கிக்கொள்ளக் கிடைப்பதெல்லாம் ஓப்பன் சோர்ஸ் ஆகாது. அடோபி ரீடரும் காசில்லாமல்தான் கிடைக்கிறது. அதற்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்க முடியாது, திருத்த முடியாது, நிறுவனம் நாளைக்கு நிறுத்தினால் நிறுத்தியதுதான். ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரல் உங்கள் கைக்கு வரும். ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இதையெல்லாம் உரிமத்தில் எழுதியே கொடுத்திருப்பார்கள். உரிமங்களுக்குள்ளும் குணபேதம் உண்டு. எம்ஐடி உரிமம் ஏறக்குறைய 'என் பெயரை அழிக்காதே, மற்றபடி உன் இஷ்டம்' என்பதோடு முடிந்துவிடும். ஜிபிஎல் கொஞ்சம் கறார்: திருத்தி வெளியே கொடுத்தால் திருத்தத்தின் நிரலையும் சேர்த்துக் கொடு. ஆகவே 'யாரைக் கேட்பது' என்ற கேள்விக்கு, நிரல் தெரிந்த யாரையும் கேட்கலாம் என்பது பதில். எழுதியவரைத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அவர் விடவில்லை. "அந்த யாரோ ஒருத்தர் இருக்காரான்னு எப்படித் தெரியும்?"

என் வேலையில் பாதி இந்தக் கேள்விதான். மென்பொருளைத் தேடுவது சுலபம். கூகுளில் பெயரைத் தட்டினால் வந்துவிடும். ஆனால் வருவது அதன் சொந்த வீடா, வாசலில் போலிக் கடையா என்று பார்க்க வேண்டும். இறக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் நாலு 'டவுன்லோட்' பொத்தான் இருக்கும்; அதில் மூன்று விளம்பரம். சோர்ஸ்ஃபோர்ஜ் கதை தெரிந்தவர்கள் இதில் பயப்படுவார்கள். 1999ல் தொடங்கிய அந்தத் தளம் ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸுக்கே தலைமை அலுவலகம் மாதிரி இருந்தது. 2013ல் அங்கே சில மென்பொருள்களோடு வேண்டாத விளம்பரச் சரக்கையும் சேர்த்துக் கட்டித்தர ஆரம்பித்தார்கள். படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பைக் கட்டித்தருபவர்கள் அந்த வருஷமே கிளம்பிவிட்டார்கள். 2015ல் அவர்கள் காலி செய்துபோன அதே இடத்தில், அதே பெயரில், விளம்பரம் சேர்த்த ஜிம்ப்பைத் தளத்துக்காரர்களே வைத்தது தெரிந்து பெரிய கூச்சல் எழுந்தது. 2016ல் தளம் கைமாறியபின் புது உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். ஊரே நம்பிய முகவரியாக இருந்தாலும் மென்பொருள் இப்போது எங்கே குடியிருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கும் விதம் இதுதான். முதலில் அந்த மென்பொருளை நடத்தும் அமைப்பு எது என்று தேடுவேன், அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுப்பேன். அங்கேயே ஷா-256 என்று ஒரு நீளமான எண் கொடுத்திருப்பார்கள். இறக்கிய கோப்பிலிருந்து அதே எண் வருகிறதா என்று சரிபார்ப்பேன். லினக்ஸ் ஓடும் மெஷின் என்றால் இந்தக் கஷ்டமே இல்லை. டெபியன், உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்புகளைத் தருபவர்கள் தங்கள் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு கட்டளையில் வரும், அப்டேட்டும் அங்கிருந்தே வரும். ஆண்ட்ராய்டு போனுக்கு எஃப்-டிராய்டு அப்படி ஒரு இடம். நிரலையே பார்க்க வேண்டுமென்றால் கிட்ஹப், கிட்லேப் மாதிரி இடங்கள். கிட்ஹப் 2018லிருந்து மைக்ரோசாஃப்ட் வசம் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே அங்கே போகிறேன்.

அங்கே போய் நிரலை வரிவரியாகப் படிப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அவ்வளவு புரியாது. நான் பார்ப்பது தேதிகளை. கடைசியாக எப்போது கை வைத்திருக்கிறார்கள்? கோளாறு சொன்னவர்களுக்கு யாராவது பதில் எழுதுகிறார்களா? பதில் எழுதுவது ஒரே ஆளா, பலரா? ஒரு உதாரணம் சொல்கிறேன். 'ஓப்பன்ஆபீஸ்' என்ற பெயர் நம் ஊரில் பழகிய பெயர். பலர் இன்னும் அதைத்தான் தேடி இறக்குகிறார்கள். அதை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010ல் வாங்கியபோது அங்கிருந்த ஆட்களில் பெரும்பகுதி அதே வருஷம் செப்டம்பரில் பிரிந்துபோய் லிப்ரேஆபீஸ் என்று தொடங்கினார்கள். நிரல் திறந்திருந்ததால் அதை எடுத்துக்கொண்டு போக யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. பழைய பெயர் பிறகு அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. பெயர் ஒரு பக்கம், ஆட்கள் இன்னொரு பக்கம். நான் ஆட்கள் போன பக்கம் போவேன். இந்தத் தெருக்களில் நான் கை வைத்த மெஷின்களில் இருப்பது லிப்ரேஆபீஸ்தான்.

ஆட்களைப் பார்ப்பதிலும் பள்ளம் உண்டு. 2024 மார்ச் 29ஆம் தேதி வெளிவந்த எக்ஸ்-இஸட் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய கருவி, உலகத்து லினக்ஸ் மெஷின்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதைப் பல வருஷமாக ஒரே மனிதர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார், களைத்தும் போயிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பை வாங்கிக்கொண்டு, பின்கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது, தோண்டினார். இதைச் சொன்னால் "பார்த்தியா, உன் ஓப்பன் சோர்ஸை" என்பார்கள். நான் இரண்டு பக்கமும் சொல்வேன். திறந்திருந்ததால் உள்ளே வந்தான், திறந்திருந்ததால் பிடிபட்டான். மூடிய பெட்டியில் அந்த அரை விநாடி உறுத்தியிருந்தால் எங்கே போய்த் தோண்டியிருப்பார்?

இனி பதிப்பகத்தின் கதை. எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த வேலை அது.

மாடியில் நடக்கும் பதிப்பகம். ஐயாவுக்கு வயது எழுபதுக்கு மேல். ஆன்மிகம், இசை, கொஞ்சம் மறுபதிப்பு. எல்லாம் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில். பேஜ்மேக்கர் ஓடிய பழைய மெஷின் சாகக் கிடந்தது. புது விண்டோஸில் அது ஏறாது. அவருக்கு வேண்டியது, பழைய புத்தகங்களைத் திறக்க வேண்டும், புதியவற்றை யூனிகோடில் அமைக்க வேண்டும், மாதச் சந்தா கட்ட மாட்டார். "மாசா மாசம் வாடகை கொடுக்க இது என்ன வீடா தம்பி?"

பழைய கோப்பைத் திறப்பது பாதிதான் கஷ்டம். லிப்ரேஆபீஸின் டிரா பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும், படமும் கட்டமும் ஏறக்குறைய வரும். ஆனால் எழுத்து? பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய ஏற்பாடு. 'தமிழ்' என்று திரையில் தெரிவதன் அடியில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் முன்னூறு பக்கப் புத்தகம் முழுக்க இப்படித்தான் கிடக்கும். தமிழ்நாட்டுப் பதிப்பகங்களின் ஹார்ட் டிஸ்குகளில் எத்தனை புத்தகம் இந்த நிலையில் இருக்கிறதோ. 1999ல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியேற்றங்கள் வந்தன. 2010ல் அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. பாமினி எதற்கும் அசையவில்லை. அச்சகத்துக்கு அது போதுமாக இருந்தது.

மாற்றித்தரும் கருவிகள் பல உண்டு. நான் எடுத்தது ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பை. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முன்னெடுத்தது, பலர் சேர்ந்து எழுதுவது, எம்ஐடி உரிமம். பாமினி முதல் பல பழைய குறியேற்றங்களை யூனிகோடாக்கும் பகுதி அதற்குள் இருக்கிறது. திறந்த நிரல் என்பதன் பலன் எனக்கு உடனே கிடைத்தது. ஐயாவிடம் இருந்த எழுத்துரு முழுப் பாமினி இல்லை, யாரோ ஒரு அச்சகத்தார் நாலைந்து கிரந்தக் குறிகளை இடம் மாற்றிவைத்த பாமினி. மாற்றும் அட்டவணை நிரலில் கண்ணெதிரே இருந்தது. தப்பாக வந்த குறிகளை மட்டும் நானே அதில் மாற்றிக்கொண்டேன். நிரலாளர் அல்லாத எனக்கே அது முடிந்தது. மூடிய கருவியாக இருந்தால் அந்த நாலு குறிக்காக ஒவ்வொரு புத்தகத்தையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது பக்க அமைப்பு. ஸ்க்ரைபஸ் என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வெகுகாலமாக இருக்கிறது, பேஜ்மேக்கர் பழகிய கைக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது. ஆனால் தமிழர்களுக்கு அது வருஷக்கணக்காக உதவவில்லை. காரணம் 'கொ'. யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஓர் உயிர்க்குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாக உடைத்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் இயந்திரம் பழைய ஸ்க்ரைபஸ் 1.4க்குள் இல்லை. கொக்கு என்று அடித்தால் கொம்பு வேறு, கால் வேறு என்று சிதறிப் போகும்.

அந்த இயந்திரம் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஹார்ஃப்பஸ் என்று பெயர், ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் எழுத்தை வடிவாக வைப்பது அதுதான். அதை ஸ்க்ரைபஸுக்குள் கொண்டுவந்து பொருத்த ஆள் வேண்டும். பொருத்தியது ஓமான் நாட்டுக் குழு ஒன்று. அவர்களுக்கு வேண்டியது அரபு. வலமிருந்து இடமாக ஒட்டி ஒட்டி எழுதும் அரபுக்கு வழி செய்தபோது அதே வழியில் தமிழும் வந்துவிட்டது. 2017ல் 1.5.3 சோதனைப் பதிப்பில் அது சேர்ந்தது. நிலையான 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. ஓமானில் யாரோ தங்கள் தாய்மொழிக்காகச் செய்த வேலையில் அபிராமபுரத்து மாடியில் ஒரு சங்கீதப் புத்தகம் அச்சுக்குப் போனது. இதை ஐயாவுக்குச் சொன்னேன். அவர் கவலை வேறு: "எழுத்துருவுக்கு யாருக்குக் காசு கொடுக்கணும்?" நோட்டோ, மீரா இனிமை, லோஹித் எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருக்கின்றன, புத்தகம் போட்டு விற்கலாம், யாருக்கும் கட்ட வேண்டாம் என்றேன். மீரா இனிமையைத் தேர்ந்தெடுத்தார். அதை வெளியிட்டவர்கள் கேரளத்து சுவதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர்.

பள்ளி நூலகத்துக்குப் போட்டது கோஹா என்ற நூலக மென்பொருள். பல கல்லூரிகளில் ஏற்கனவே ஓடுகிறது என்பதால் அதில் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்காது. 1999ல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறிய நூலகக் குழுமத்தின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. புதிதாக எழுதச் சொல்லி, ஓப்பன் சோர்ஸாகவே வெளியிட்டார்கள். 2000 ஜனவரியில் அங்கே ஓட ஆரம்பித்தது. பள்ளி நூலகர் மேடம் கேட்டதும் யாரைக் கேட்பது என்றுதான். சென்னையில் அதைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று சொன்னேன், என்னையும் சேர்த்து.

ஆட்கள் இந்த ஊரிலேயே கிடைப்பது பெரிய சௌகரியம். சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐஎல்யுஜிசி, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடிக்குள் கஜேந்திரா சர்க்கிள் பக்கம் ஏரோஸ்பேஸ் வகுப்பறையில் கூடிவந்தது. அடையாறு தாண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என் படிப்பைக் கேட்டதில்லை. த. சீனிவாசன் 2012ல் தொடங்கிய கணியம் இதழ் தமிழிலேயே இதையெல்லாம் எழுதியது. அரசும் தன் பங்குக்கு முயன்றிருக்கிறது. தரமணியிலிருந்து சி-டாக் சென்னை டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை 2007ல் வெளியிட்டது. 2011ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் மெஷின்களில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. என் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்த மடிக்கணினிகளில் அதைத் திறந்த அடையாளம் பெரும்பாலும் இருக்காது. மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள், கேட்டால் சொல்ல ஆளைப் போடவில்லை என்பது என் எண்ணம்.

ஓப்பன் சோர்ஸ் வேண்டாம் என்று நானே சொல்லும் இடங்களும் உண்டு. ஜிஎஸ்டி கணக்குக்கு டாலியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஆடிட்டரும் வரி இலாகாவும் வாடிக்கையாளரும் ஒரே பாஷையில் பேச வேண்டிய இடம் அது. குனூகேஷ் நல்ல மென்பொருள், வீட்டுக் கணக்குக்குக் கொடுத்திருக்கிறேன், ஆபீஸுக்கு இல்லை. எக்செல் மேக்ரோவில் எழுதிய வருமான வரிப் படிவங்கள் லிப்ரேஆபீஸில் நகராது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு லினக்ஸில் டிரைவர் தேடி ஜூலை கடைசி வாரத்தில் ஆடிட்டர் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த ஆபீஸில் அந்த வேலைக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இருக்கிறது, அப்டேட் ஓடுகிறது.

கடைசியாகப் பில் விஷயம். மென்பொருளுக்கே காசில்லை, உனக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெட் ஹாட் என்ற நிறுவனத்தை ஐபிஎம் 2019ல் 3400 கோடி டாலருக்கு வாங்கியது, அவர்கள் விற்றதும் இதே திறந்த லினக்ஸோடு சேர்ந்த சேவையைத்தான் என்று சொல்லிப் பார்ப்பேன். என் பில்லில் நிறுவியது, பழைய கோப்பு மாற்றியது, சொல்லிக்கொடுத்தது என்று தனித்தனியாக எழுதுவேன். அதற்குக் கீழே, விருப்பமிருந்தால், அந்த மென்பொருளை நடத்தும் அமைப்புக்கு நன்கொடை என்று ஒரு வரி. தொகையை அவர்களே போட்டுக்கொள்ளலாம். பதிப்பக ஐயா ஸ்க்ரைபஸுக்கு ஐந்நூறு போட்டார். பல் டாக்டர் பார்க்காமலே விட்டுவிட்டார். ஆடிட்டர் மட்டும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"இதுக்கு 80ஜி வரிச்சலுகை உண்டா?"

"லிப்ரேஆபீஸை நடத்துவது பெர்லினில் இருக்கும் அறக்கட்டளை சார். கிடையாது."

பேனாவை எடுத்து அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்துக்குச் செக் எழுதினார்.